வராதவங்க பேரை எழுதுங்க, தம்பி

வாங்க தம்பி, உக்காருங்க. அந்தப் பிளாஸ்டிக் சேர் வேணாம், ஒரு கால் ஆடும். போன தடவை வந்த ஆபீசர் அதுலதான் விழுந்து எந்திரிச்சாரு. திண்ணையிலயே உக்காருங்க. மாநிலம் பூராத்துக்கும் கேன்சர் தடுப்புத் திட்டம் போடுறீங்க, ஏழை பணக்காரன் வித்தியாசம் இல்லாம எல்லாருக்கும் வைத்தியம் சேரணும்னு பாக்குறீங்க, அதுக்குச் சனங்க கருத்தைக் கேக்க வந்திருக்கீங்க. சமுதாயக் கூடத்துச் செவுத்துல படம் காட்டுனப்ப நானும் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. வட்டம், கட்டம், அம்புக்குறி, மூணு கலர்ல கோடு. பின்னாடி கட்டியிருந்த பேனர்ல தலைவருங்க மொகம் ஆளுயரம், ‘புற்றுநோய்’ங்கிற எழுத்து ஒரு சாண். இம்புட்டுச் சின்ன வியாதிக்கா பயந்தோம்னு எங்க சனங்க தைரியமா வீட்டுக்குப் போயிட்டாங்க.

கருத்துச் சொல்ல யாரும் வாயைத் தொறக்கலைன்னு வருத்தப்பட்டீங்களாம். வருத்தப்படாதீங்க. கூட்டத்தை வச்சது காலையில பத்தரை மணிக்கு. அந்நேரத்துக்கு ஊர்ல யாரு இருப்பா? என்னைய மாதிரி கிழடுகட்டைங்க, கட்சிக்காரங்க, மிக்சர் பொட்டலத்துக்கு வந்த பயலுக. நீங்க யாரைக் காப்பாத்தணும்னு படம் போட்டீங்களோ, அந்த முப்பதுல இருந்து அறுபது வயசுப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் முருங்கைக் காட்டுலயும் தக்காளிக் காட்டுலயும் நிக்கிறாங்க. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வண்டி ஏத்தணும்ல? அவங்க இல்லாத கூட்டத்துல அவங்களைப் பத்தி ஏகமனதா தீர்மானம் போட்டுட்டீங்க. ஆளே இல்லாட்டி ஏகமனசு எம்புட்டுச் சுளுவாக் கெடைக்குது பாத்தீங்களா!

டீயைக் குடிங்க, ஆறுது.

கிழவி என்னமோ ஒளர்றான்னு நெனைச்சிராதீங்க. இந்தக் கேன்சர் சங்கதியில திண்டுக்கல் ஜில்லாப் பொம்பளைங்களுக்கு இருக்கிற அனுபவம் டெல்லியில திட்டம் எழுதுறவங்களுக்குக்கூட இருக்காது. 2000-மாவது வருசம் இங்க ஒரு பெரிய ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், நம்ம அம்பிளிக்கை ஆஸ்பத்திரி, பிரான்ஸ் நாட்டு லியோன்ல இருக்கிற உலகக் கேன்சர் ஆராய்ச்சிக் கழகம், மூணு பேரும் கூட்டு. முப்பதுல இருந்து அம்பத்தொம்பது வயசுக்குள்ள இருக்கிற பொம்பளைங்களைக் கூப்பிட்டு, கர்ப்பப்பை வாயில காடித் தண்ணி தடவிப் பாக்குறது. காடின்னா ஊறுகாய்ல ஊத்துறோமே, அந்த வினிகருதான். தடவி ஒரு நிமிசம் கழிச்சுப் பாத்தா, கெட்டுப்போக ஆரம்பிச்ச எடம் மட்டும் வெள்ளையாத் தெரியும். பெரிய மிசினு இல்ல, பெரிய டாக்டரு இல்ல. பழக்கி விட்ட நர்சுப் புள்ளைங்களே பாத்தாங்க. வெள்ளையா இருந்த எடத்தை உறைய வச்சு எடுக்கிற வைத்தியத்தையும் அவங்களே பண்ணினாங்க. இந்த வியாதி ராத்திரியோட ராத்திரியா வாறது இல்லையே. உள்ள பூந்த கிருமி கேன்சரா மாற பத்துல இருந்து இருபது வருசம் ஆகும். அம்புட்டு வருசம் கதவு தொறந்து கெடக்கு, எப்ப வேணும்னாலும் போயிப் புடிச்சிரலாம்.

நானும் போனேன். அப்ப எனக்கு நாப்பதைத் தாண்டியிருந்துச்சு. என்னையப் பாத்த நர்சுக்குக் கை நடுங்குச்சு, எனக்குக் கால் நடுங்குச்சு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே சமாளிச்சோம். அது கெடக்கட்டும், கதைக்கு வாறேன்.

என் பேத்தி நர்சு வேலை பாக்குறா. அந்த ஆராய்ச்சி 2007-ல லான்செட்டுங்கிற டாக்டருங்க பத்திரிகையில வந்திருக்காம். அவ எடுத்து எனக்கு வரி வரியாப் படிச்சுச் சொன்னா. சோதனை நடந்த ஊருகள்ல அந்தக் கேன்சர் வாறது நூத்துக்கு 25 பங்கு கொறைஞ்சிருச்சு, அதுல சாகுறது 35 பங்கு கொறைஞ்சிருச்சு. ஊறுகாய்க் காடியும் நர்சுப் புள்ளைங்களும் சேந்து பண்ணின வேலை! உலகம் பூரா இதை எடுத்துப் பேசுறாங்க. நம்ம ஒட்டன்சத்திரத்துல கேட்டுப் பாருங்க, பஸ் ஸ்டாண்டுல ஒருத்தனுக்கும் தெரியாது.

இதுக்குள்ளதான் உங்க திட்டத்துக்கு வேண்டிய சூட்சுமம் இருக்கு. நல்லாக் கேட்டுக்கோங்க. அந்த ஊருகள்ல கூப்பிட வேண்டிய பொம்பளைங்க 49,311 பேரு. வந்து பாத்துக்கிட்டவங்க 31,343 பேரு. கழிச்சுப் பாருங்க, உங்க கையிலதான் செல்போன் இருக்கே. கிட்டத்தட்ட 18,000 பேரு வரல. வீடு வீடாப் போய்க் கூப்பிட்டு, காசு வாங்காமப் பாத்து, ஊருக்குப் பக்கத்துலயே வச்சும் வரல. யாரு அந்தப் பதினெட்டாயிரம் பேரு? உங்க படத்துல அவங்களுக்கு ஒரு கட்டமாச்சும் இருந்துச்சா? நான் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் பாத்தேன், தெரியல.

எங்க தெருவுல வராதவங்க யாருன்னு என்னையக் கேட்டா வரிசையாச் சொல்லிப்புடுவேன். புருசன் செத்தவ வரல; ‘இனிமே எனக்கு எதுக்குக்கா அதெல்லாம்’னா. கல்யாணமே ஆகாதவ வரல. அங்க போனா ஊரு என்ன பேசும்னு பயம். மாமியா விடாதவ வரல. அன்னைக்குன்னு பாத்துக் களையெடுப்பு இருந்தவ வரல. மக கல்யாணத்தை வச்சிருந்தவ வரல. ‘ஆத்தாளுக்கு அந்த வியாதியாம்’னு ஒரு வார்த்தை கெளம்பிருச்சுன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரன் தட்டை மாத்த மாட்டான்ல? இதுல ஒருத்திகூட ‘விழிப்புணர்வு’ இல்லாதவ கெடையாது. நீங்க மைக்குல சொன்ன அம்புட்டும் அவங்களுக்குத் தெரியும். விழிப்புணர்வு இல்லைன்னு எழுதிட்டா உங்க வேலை சுளுவு, ஒரு நோட்டீஸ் அடிச்சுப்புட்டுப் போயிரலாம். மாமியாளுக்கு நோட்டீஸ் அடிக்க முடியுமா?

இன்னொரு கணக்கும் இருக்கு. வந்தவங்கள்ல சந்தேகம்னு சொன்னது 3,088 பேருக்கு. அவங்கள்ல 3,052 பேரு அடுத்த சோதனையையும் பண்ணிக்கிட்டாங்க. நூத்துக்கு 99 பேரு! அதுக்கப்புறம், ‘இது கேன்சருக்கு முந்தின நெலைம்மா, இப்பவே எடுத்துட்டா போயிரும்’னு 1,874 பேருக்குச் சொன்னாங்க. அதுல வைத்தியம் பண்ணிக்கிட்டவங்க நூத்துக்கு 72 பேருதான். மிச்ச 28 எங்க போச்சு? எனக்குத் தெரியும் தம்பி. ‘வீட்டுல கேட்டுட்டு வாறேன்’னு போனதுதான். பொம்பளை வீட்டுல கேட்டுட்டு வந்த சரித்திரம் உண்டா? வீட்டுல கேப்பா, அவன் ‘தை மாசம் பாத்துக்கலாம்’பான். எந்தத் தைன்னு அவனும் சொல்ல மாட்டான், இவளும் கேக்க மாட்டா. அதனால சொல்றேன். பொம்பளைக்குப் படம் காட்டுறப்பவே அவ புருசனையும் பக்கத்துல உக்கார வச்சுக் காட்டுங்க. அந்தக் கிருமி அவகிட்ட நடந்து வரல, அவன்கிட்ட இருந்துதான் வந்திருக்கும். அதையும் பக்குவமாச் சொல்லுங்க. அடிதடி ஆகாமச் சொல்லத் தெரிஞ்ச ஆளா பாத்துக் கூட்டிட்டு வாங்க.

அந்த ஆராய்ச்சியில எனக்கு ஒரு கோவமும் உண்டு. பாதி ஊருக்குத்தான் சோதனை. பாதி ஊரை ஒப்பிட்டுப் பாக்கிறதுக்குன்னு அப்படியே விட்டுட்டாங்க. ஏம்மா அவங்க மட்டும் என்ன பாவம் பண்ணினாங்கன்னு பேத்தியைக் கேட்டேன். ‘ஆராய்ச்சின்னா அப்படித்தான் அப்பத்தா, அது சரியான்னு பெரிய டாக்டருங்களே பின்னாடி சண்டை போட்டிருக்காங்க’ன்னா. சரி, ஒப்பிட்டுப் பாத்துட்டீங்க, நல்லதுன்னு தெரிஞ்சு போச்சு, 2007-லயே எழுதியும் வச்சுட்டீங்க. அன்னைக்கே ஜீப்பை எடுத்துக்கிட்டு மிச்ச ஊருகளுக்கு ஓடி வந்திருக்க வேணாமா? அரசாங்கம் அதைத் தேனி, தஞ்சாவூர்னு ரெண்டு ஜில்லாவுல வெள்ளோட்டம் பாத்து, மாநிலம் பூராக் கொண்டு வாறதுக்கு இன்னும் நாலஞ்சு வருசம் ஆச்சு. ஒண்ணு பலிக்கும்னு தெரிஞ்ச பொறவும் மறுபடி மறுபடி வெள்ளோட்டம் பாக்கிறதுல நம்ம ஆளுங்களை மிஞ்ச முடியாது. 2023-லயும் கேன்சர் சோதனையை ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரின்னு நாலு ஜில்லாவுல ஆரம்பிச்சாங்களாம். பழக்கம் போகுமா?

உங்களைக் கொறை சொல்லல. செஞ்சதையும் சொல்லணும்ல. 1954-ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டைப் பன்னெண்டே பெட்டோட ஆரம்பிச்சாங்க. தங்கச்சியைக் கேன்சருக்குப் பறி குடுத்தவங்க அவங்க. அதுக்கப்புறம் டாக்டர் சாந்தா அம்மா அங்கயே ஆயுசைக் கழிச்சாங்க. ரெண்டு பொம்பளைங்க புடிவாதம் புடிக்கலைன்னா இன்னைக்கு உங்ககிட்ட திட்டம் போடக் கணக்கே இருந்திருக்காது. நாங்க சின்னப்புள்ளையா இருந்தப்ப அண்ணாதுரைக்குக் கேன்சர்னு ரேடியோவுல சொன்னாங்க. 1968-ல நியூயார்க் வரைக்கும் கூட்டிட்டுப் போயி ஆபரேசன் பண்ணினாங்க. 1969 பிப்ரவரி 3-ல போயிட்டாரு, ஊரே அழுதுச்சு. முதலமைச்சருக்கே வியாதி முத்துன பொறவு அமெரிக்கா டாக்டருனாலயும் ஒண்ணும் பண்ண முடியல. அப்ப நம்ம காமாட்சிக்கும் கருப்பாயிக்கும் முத்துறதுக்கு முந்தியே பாத்தாத்தான உண்டு?

2021-ல கிருஷ்ணகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்தை நான் மனசாரப் பாராட்டுறேன். பிரசருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. எனக்கும் வருது. கொண்டு வாற தன்னார்வலர் புள்ளைக்கு எந்த வீட்டுல யாரு இருமுறா, யாரு எளைச்சிருக்கா, யாரு முந்தானையை வச்சு வாயைப் பொத்திக்கிட்டே பேசுறா, அம்புட்டும் தெரியும். அந்தப் புள்ளைகிட்டக் கருத்துக் கேட்டீங்களா? அதைக் கூட்டத்துல டீ ஊத்த விட்டீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. 2019-21-ல அரசாங்கம் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுப் பொம்பளைங்கள்ல கர்ப்பப்பை வாய்ச் சோதனையை ஒரு தடவையாவது பண்ணிக்கிட்டவங்க நூத்துக்குப் பத்துப் பேருகூட இல்ல. ஆனா மாநிலங்கள்ல நாமதான் முதலிடமாம். நீங்க படத்துல ‘முதலிடம்’னு பெருசாப் போட்டு, பத்தைக் கீழ ஓரமாப் போட்டிருந்தீங்க. நல்ல கெட்டிக்காரத்தனம்.

ஒலக சுகாதார நிறுவனம் 2030-க்குள்ள 90-70-90ன்னு கணக்குக் குடுத்திருக்கு. நூத்துக்கு 90 பொட்டைப்புள்ளைங்களுக்குப் பதினஞ்சு வயசுக்குள்ள ஊசி, 70 பொம்பளைங்களுக்குச் சோதனை, வியாதி இருக்கிறவங்கள்ல 90 பேருக்கு வைத்தியம். மொத ரெண்டுக்கும் ரிப்பனு வெட்டலாம், போட்டோ புடிக்கலாம். கடைசித் தொண்ணூறு இருக்கே, அங்கதான் தம்பி எல்லாத் திட்டமும் பல்லைக் காட்டுது.

எங்க ஊர்ல ஒருத்திக்குக் கர்ப்பப்பை வாயில கேன்சர்னு வச்சுக்கோங்க. காப்பீட்டு அட்டை இருக்கு, வருசத்துக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் பாத்துக்குவாங்க. நல்லது. மதுரை பாலரெங்கபுரத்துல அரசாங்கக் கேன்சர் ஆஸ்பத்திரி இருக்கு. நல்லது. கதிர் வைத்தியம்னு கரண்டு வைக்கணும்பாங்க, வாரத்துக்கு அஞ்சு நாளு, அஞ்சு வாரம். சரி, இனி நான் கேக்குறேன். விடியக்காலம் இங்க இருந்து கெளம்பி ஒட்டன்சத்திரம், அங்க இருந்து திண்டுக்கல், அங்க இருந்து மதுரை. டவுன் பஸ்ஸுல பொம்பளைக்கு டிக்கெட்டு இல்ல, சந்தோசம். மதுரைக்குப் போறது டவுன் பஸ்ஸா? துணைக்கு ஒரு ஆளு வேணும். ஆக ரெண்டு பேருக்கு டிக்கெட்டு, ரெண்டு பேருக்குச் சாப்பாடு, ரெண்டு பேரு கூலி போச்சு. கன்னுக்குட்டிக்கு யாரு தண்ணி வைப்பா? மூணாவது வாரம் அவளுக்கு ஒடம்பு முடியாது, வயித்தால போகும். அப்ப, ‘செத்தாத் தேவலாம் போல இருக்கு, நிறுத்திக்கிறேன்’னு சொல்லுவா. பாதியில நின்ன கரண்டுனால பிரயோசனம் கம்மி. உங்க படத்துல இதுக்கு ‘இடைநிற்றல்’னு ஒரு பேரு வச்சிருந்தீங்க. அவளா நின்னா? அஞ்சு லட்சத்துல பஸ்ஸுக்குக் காசு இல்லாம நின்னுபோனா!

நாங்க தக்காளியைப் பறிச்சுப்புட்டு, ‘வேணுங்கிறவன் காட்டுக்கு வந்து வாங்கிக்கட்டும்’னு உக்காந்திருந்தா என்ன ஆகும்? அழுகும். நாங்கதான் கூடையைத் தூக்கிக்கிட்டு மண்டிக்குப் போறோம். சரக்கு வச்சிருக்கிறவன்தான் நடக்கணும். வைத்தியத்தை வச்சிருக்கிறது நீங்க.

இது ஒண்ணும் நான் கண்டுபுடிச்சது இல்ல. அமெரிக்காவுல டெலவேர்னு ஒரு பொடி மாநிலம் இருக்காம். நம்ம திண்டுக்கல் ஜில்லா சனத்தொகையில பாதிதான் இருக்கும். அங்க குடல் கேன்சருக்கு முன்கூட்டியே சோதனை பண்ணிக்கிறதுல வெள்ளைக்காரங்க நூத்துக்கு 58, கருப்பினத்துச் சனங்க 48. இது திட்டம் வாறதுக்கு முந்தி. பேத்தி சொன்னா. அவங்க என்ன பண்ணினாங்க? ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் நர்சை நியமிச்சு, ‘உன் வேலை ஊசி போடுறது இல்ல, ஆளைக் கூட்டிட்டு வாறது, கூடவே போறது’ன்னு சொல்லிட்டாங்க. இன்சூரன்ஸ் இல்லாதவனுக்குக் கேன்சர் வந்துட்டா ரெண்டு வருச வைத்தியச் செலவு அரசாங்கத்தோடது. 2009-ல ரெண்டு நெறத்துக்காரங்களும் 74-ல வந்து நின்னுட்டாங்க. வித்தியாசம் போச்சு. செவுத்துல படம் காட்டிப் போகல, பக்கத்துல ஆளு நடந்து போச்சு. நம்மகிட்ட அந்த ஆளு ஏற்கெனவே இருக்கு. மாத்திரை கொண்டு வாற அதே புள்ளதான். அதுக்குக் குடுக்கிற காசைக் கொஞ்சம் கூட்டிக் குடுங்க. கேக்கிறதுக்குக் கூச்சப்படுது, நான் கேக்கிறேன்.

ஊசி சங்கதி. 14 வயசுப் பொட்டைப்புள்ளைங்களுக்கு அந்தக் கிருமி வராம இருக்க ஊசி போடுறதுக்குன்னு 2025-26 பட்ஜெட்டுல 36 கோடி ஒதுக்கியிருக்காங்க. இதைக் கேட்டு நான் உண்மையிலேயே கையெடுத்துக் கும்புட்டேன். எங்க தலைமுறைக்குக் காடித் தண்ணி, எங்க பேத்தி மகளுக்கு ஊசி. ஆனா பள்ளிக்கூடத்துல வரிசையா நிக்க வச்சுப் போடுவீங்க. பள்ளிக்கூடத்துக்கு வராத புள்ள எந்த வரிசையில நிக்கும்? மேல பாச்சலூர், ஆடலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துல ஆத்தாகூடத் திரியுற பளியர் வீட்டுப் புள்ள இருக்கு. செங்கல் சூளைக்கு ஊரு விட்டு ஊரு போற குடும்பத்துப் புள்ள இருக்கு. படிப்பை நிறுத்திப்புட்டு, எப்படா வயசு ஆகும், மில்லு வேன்ல ஏறலாம்னு வீட்டுல உக்காந்திருக்கிற புள்ள இருக்கு. நம்ம ஜில்லாவுல மில்லுக்கா பஞ்சம்? பின்னால கேன்சர் தேடி வாறது அந்தப் புள்ளைங்களைத்தான். படிச்ச புள்ள எப்படியும் டாக்டரைப் பாத்துரும். மொத ஊசியைப் பள்ளிக்கூடத்துல போடாதீங்க, பாச்சலூர்ல போடுங்க. ‘ஊசி போட்டா புள்ள பொறக்காது’ன்னு ஒரு புரளி கெளம்பும். கெளம்பாம இருக்காது. அதுக்குப் பதில் சொல்ல ஆபீசர் வர வேணாம், எங்க மாதிரி கிழவிகளை விடுங்க. புள்ளைத்தாய்ச்சிக்கு எண்ணெய் தேச்சு விட்ட கைங்க இது. கர்ப்பப்பையைக் காப்பாத்துற ஊசிடின்னு நாங்க சொன்னா கேப்பாளுக.

ஆம்பளைங்களை விட்டுட்டேன்னு பாக்காதீங்க. அவங்களுக்கு வாயில கேன்சர். நம்ம ஜில்லா மகிமையைக் கேளுங்க. 2013-ல இருந்து குட்காவுக்கு அரசாங்கம் தடை போட்டிருக்கு. தடை ஆணையை வருசா வருசம் புதுப்பிக்கிறாங்க, பொட்டிக்கடைக்காரனும் வருசா வருசம் ஒளிக்கிற எடத்தைப் புதுப்பிக்கிறான். இந்தப் பக்கம் வேடசந்தூர்ல புகையிலை எப்படி நல்லா வெளையும்னு ஆராயுறதுக்கு மத்திய அரசாங்கத்தோட ஆராய்ச்சி நிலையம் ரொம்பக் காலமா இருக்கு. திண்டுக்கல் சுருட்டு வெள்ளைக்காரன் காலத்துலயே பேரு வாங்கினது. ஒரே ஜில்லாவுல ஒரு ஆபீசர் ‘வெளைய வையி’ங்கிறாரு, இன்னொரு ஆபீசர் ‘மெல்லாதே’ங்கிறாரு. ரெண்டு பேரும் ஒரே கலெக்டர் ஆபீசுக் கேண்டீன்ல காப்பி குடிப்பாங்கன்னு நெனைக்கிறேன். ஒருத்தரை ஒருத்தர் பாத்தா அடுத்த கூட்டத்துக்கு ரெண்டு பேரையும் சேத்துக் கூட்டிட்டு வாங்க. புகையிலை போடுற சம்சாரிக்கு அதே வெலைக்கு வேற என்ன வெள்ளாமைன்னு நீங்க சொல்லாம தடுப்புத் திட்டம் முழுசாகுமா?

வாயைத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாக்கிறது பெரிய வித்தை இல்ல. திருவனந்தபுரத்துப் பக்கம் அதைப் பண்ணியே, புகையிலையும் குடியும் உள்ளவங்கள்ல வாய்க் கேன்சர் சாவை மூணுல ஒரு பங்கு கொறைச்சிருக்காங்க. எங்க ஊர்ல ஆம்பளை வாயைத் தொறக்கிற எடம் ரெண்டுதான்: டீக்கடை, முடிவெட்டுற கடை. ஆரம்ப சுகாதார நிலையத்துல வந்து தொறப்பான்னு காத்திருந்தீங்கன்னா, அவன் தொறக்கிறப்ப சோத்தை முழுங்க முடியாமத்தான் தொறப்பான்.

எழுதிக்கிட்டீங்களா? இல்ல, தலையை மட்டும் ஆட்டுனீங்களா? பேனாவை எடுங்க தம்பி.

உங்க ரிஜிஸ்தர்ல வந்தவங்க பேருதான் இருக்கு. அதைப் பாத்து மேலிடம் சபாசுன்னும் சொல்லிரும். இன்னொரு ரிஜிஸ்தர் போடுங்க. வராதவங்க பேரு, ஏன் வரலைங்கிற காரணம், வந்துட்டுத் திரும்பி வராதவங்க பேரு, அவங்களைப் போய்ப் பாத்த தேதி. இம்புட்டுத்தான். அந்த ரிஜிஸ்தரை வச்சுக்கிட்டு ஜில்லாவுக்கு ஜில்லா பணத்தைப் பிரிச்சுக் குடுங்க. யாரு ரிஜிஸ்தர்ல வராதவங்க கொறையுதோ அவங்களுக்குச் சபாசு. நூறு நாள் வேலைக்கு வாற பொம்பளைங்களைக் கேட்டாலே பேரெல்லாம் கெடைச்சிரும். கூட்டத்தை ஞாயித்துக்கெழமை சாயங்காலம் வையுங்க. நடுவுல திரைச்சீலை கட்டுங்க, பொம்பள நர்சைக் கொண்டாங்க, வெளிய ஒரு கக்கூசு இருக்கட்டும். சோதனைக்குக் கூச்சப்படுறவளுக்கு, அவளே பஞ்சுக்குச்சியில எடுத்துக் குடுக்கிற சோதனை இப்ப வந்திருச்சாமே, அதையும் மேலிடத்துல கேட்டு வாங்குங்க.

சந்தேகம்னு சொன்ன பொம்பளையை ‘பெரியாஸ்பத்திரிக்குப் போ’ன்னு சீட்டை மட்டும் குடுத்து அனுப்பாதீங்க. போக ஒரு வண்டி, கூட ஒரு ஆளு, போன நாளைக்குக் கூலி. இந்த மூணும் திட்டத்துல இருந்தா நான் மொதக் கையெழுத்துப் போடுறேன். இல்லைன்னா, கைநாட்டுத்தான் வைப்பேன், கையெழுத்து எனக்கு வராதுன்னு எழுதிக்கோங்க.

அடுத்த கருத்துக் கேட்பைப் பாச்சலூர்ல போடுங்க. கூட்டத்துக்கு நாங்க வாறோம். வண்டியை நீங்க அனுப்புங்க.